முட்டுக் கல்

நெருப்பு என்றால் வாய் வெந்துவிடாது என்பார்கள்.
இந்த ஆஸ்பத்திரியில் அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது.
"சிவப்பு, மூன்றாம் மாடி, சிவப்பு" என்றுதான்
ஒலிபெருக்கி சொல்ல வேண்டும்.
எழுதிக் கொடுத்தவளே நான்.

கத்திரி நடக்கும் வேலூர்.
பகலெல்லாம் குடித்த வெயிலை
ராத்திரி எங்கள் மேல் துப்புகின்றன பாறை மலைகள்.
தடையில்லாச் சான்று காலாவதியாக
இன்னும் பத்தொன்பது நாள்.
கையில் நூற்றுப் பதினேழு குறைகள்,
வயிற்றில் அதே சொல்லாத சொல்.

ஏணி போட்டுக் கூரைப் பலகையை நகர்த்தினேன்.
தீச்சுவரில் கேபிள் நுழைந்த ஓட்டையை
யாரோ செய்தித்தாள் சுருட்டி அடைத்திருந்தார்கள்.
பிரித்தால்
'பாலாற்றில் தண்ணீர், மக்கள் மகிழ்ச்சி.'
சிரிப்பை அடக்கிக்கொண்டு
குறை நாற்பத்து மூன்று என்று குறித்தேன்.

தண்ணீர் என்றதும் முனிரத்தினம் தலையைக் குனிந்தார்.
பம்பு அறையில் அவரும் நானும்
காலியான அளவுக் குழாயும்.
"லாரி வரலை மேடம்.
டயாலிசிஸ்ல எட்டுப் பேர் படுத்திருந்தாங்க.
தீக்குன்னு வச்சதைத் திறந்துட்டேன்."
என்ன எழுத?
'மட்டம் குறைவு' என்று எழுதினேன்.
அவர் பெயரை எழுதவில்லை.

ஆனால் மூன்றாம் மாடிக் கதவு.
இரண்டு மணி நேரம் தீயைத் தாங்கும் கதவு,
ஒரு கருங்கல் துண்டு முட்டுக்கொடுக்க
வாய் பிளந்து நின்றது.
எடுத்துப் போட்டேன். மறுநாள் இருந்தது.
எடுத்தேன். இருந்தது.
சுற்றறிக்கை ஒட்டினேன்,
தமிழில், இந்தியில், வங்காளத்தில்.
அதன் கீழேயே இருந்தது.

நான்காம் இரவு காத்திருந்து பிடித்தேன்.
காலால் கல்லைத் தள்ளிக்கொண்டு வந்தவள்
எப்சிபா, தீவிர சிகிச்சைப் பிரிவு நர்ஸ்.
"குடியாத்தத்துல தீப்பெட்டி ஒட்டின வீடு மேடம் எங்களுது.
எனக்கா தீயைச் சொல்லித் தர்றீங்க?"
பிறகு குரலை இறக்கிச் சொன்னாள்:
"மூடியிருந்த அன்னைக்கு
அந்த மால்டாக்காரரைக் கூப்பிட்டோம், பினோய் மண்டல்னு.
மூணு தடவை.
வெளிய படியில பாய் போட்டுப் படுத்திருந்தவருக்குக் கேக்கலை.
வந்தப்போ அவர் சம்சாரத்துக்குக்
குழாய் போட்டாச்சு. பேச முடியாது.
கடைசியா ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்ல?"

என் விதிப்புத்தகத்தில்
புகைக்கு ஒரு அத்தியாயம் உண்டு.
பெயருக்கு இல்லை.

காந்தம் வாங்கக் கேட்டேன்.
கதவைத் திறந்தபடி பிடித்திருக்கும்,
மணி அடித்தால் விட்டுவிடும்.
பதினோராயிரத்து நானூறு.
கணக்குப் பிரிவு கோப்பைத் திருப்பியது,
மூன்று முறை, கல் மாதிரியே.
புதுக் கட்டடத் திறப்புவிழாக் கல்வெட்டுக்கு
ஒதுக்கிய தொகையிலிருந்து எடுத்தேன்.
யார் திறந்தார் என்று இப்போது எங்கும் எழுதியிருக்காது.
பேர்ணாம்பட்டு ஜாபர் ஒரே இரவில் பொருத்தினார்.

ஒத்திகை நாள்.
தீயணைப்பு அதிகாரி கடிகாரத்தை அழுத்தினார்.
சிவப்பு, மூன்றாம் மாடி, சிவப்பு.
கதவு விடுபட்டது,
யாரோ மூச்சை விட்ட மாதிரி ஒரு சத்தம்,
தாழ் விழுந்தது.
நான்கு நிமிடம் பன்னிரண்டு நொடி.
எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.
கண்ணாடிச் சதுரத்துக்கு அப்பால்
பினோய் மண்டல்
இரண்டு உள்ளங்கையையும் கதவில் ஊன்றி
நின்றுகொண்டிருந்தார்.
"ஒத்திகை" என்பதற்கு வங்காளத்தில் என்ன?
நான் ஒட்டிய தாளில் அது இல்லை.

மணி நின்றதும் முதலில் ஓடியவள் எப்சிபா.
காந்தம் தானாக இழுக்காது,
ஒரு ஆள் கையால் திறந்துவைக்க வேண்டும்.
திறந்தாள். ஒட்டிக்கொண்டது.

சான்று வந்தது. லட்டு கொடுத்தார்கள்.
அடுத்த வாரம்
ஐந்தாம் மாடிப் படிக்கட்டுக் கதவில்
அதே கருங்கல், அதே உடைந்த மூலை.
குறை நூற்றுப் பதினெட்டு.
கல்லைத் தொடவில்லை.
மேல் படியில் உட்கார்ந்தேன்,
யார் வருகிறார்கள், பார்ப்போம்.